பத்து மீட்டர் போதும்

நண்பர்கள் நாலைந்து பேர் அந்தமானுக்கு ஸ்கூபா போகலாம் என்று முடிவெடுத்தால், முதலில் திறக்கப்படுவது செலவுக் கணக்கு. விமானமா கப்பலா, ஏ.சி. அறையா ஃபேன் அறையா, தனியார் படகா அரசுப் படகா என்று வரிக்கு வரி எதையாவது குறைக்கப் பார்ப்போம். குறைக்கத்தான் வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் இறங்கிய நிமிடத்திலிருந்து இன்னொரு கணக்கும் ஓடத் தொடங்குகிறது. அது வாயுக்களின் கணக்கு. அதில் பேரம் படியாது. வேடிக்கை என்னவென்றால், பல இடங்களில் இரண்டு கணக்குக்கும் ஒரே விடைதான் வருகிறது. சிக்கனமாகப் போகிறவன் பக்கம் இயற்பியல் பெரும்பாலும் சாய்ந்தே நிற்கிறது. எங்கே சாயவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஹேவ்லாக்கையே எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரிலிருந்து அரசு ஏட்டில் அது சுவராஜ் தீவு. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர் என்பதால் கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று ஊர்ப் பெயர்கள். கோவிந்த நகர்ச் சந்தையில் வங்காளிக் கைப்பக்குவத்தில் சோறும் மீன் குழம்பும். ரிசார்ட் மெனு பக்கமே போகாமல் வயிறு நிறையும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரிலிருந்து அரசுப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். இந்த மூன்று நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

வெப்பமண்டலக் கடலே முதல் சிக்கனம். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு அளவுக்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும். அதனால்தான் 28 டிகிரி அறையில் வியர்க்கிற நமக்கு 28 டிகிரி கடலில் முக்கால் மணி நேரத்தில் பல் தந்தியடிக்கிறது. அந்தமானில் இதற்கு 3 மில்லிமீட்டர் ரப்பர் உடை போதும்; டைவ் கடையே கொடுத்துவிடும். ஐரோப்பியக் குளிர்கடல்களில் முக்குளிக்கிறவர்கள் தண்ணீர் புகாத உடை, அதற்குள் கம்பளி, கையுறை, தலைமூடி என்று சுமக்க வேண்டும். அந்த உடை மிதப்பதால் அதை அமிழ்த்த இன்னும் ஈயம் வேண்டும். ஈயம் ஏறினால் களைப்பும் ஏறும்.

இப்போது காற்றுக்கு வருவோம். செலவும் அறிவியலும் கைகோக்கிற இடம் இதுதான்.

நமக்குத் தரப்படும் வழக்கமான அலுமினியச் சிலிண்டருக்குள் 11 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். அதற்குள் காற்றை 200 பார் அழுத்தத்துக்கு அமுக்கி அடைத்திருப்பதால், வெளியே எடுத்துவிட்டால் 2,200 லிட்டர். சாதாரணமாக ஓர் ஆள் இலேசாக அசைந்துகொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பதாக வைத்துக்கொண்டால், கரையில் உட்கார்ந்தபடியே அந்தச் சிலிண்டரை 110 நிமிடம் சுவாசிக்கலாம். கடலுக்குள் அது நடக்காது. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் மொத்தம் 2, இருபதில் 3, முப்பதில் 4. நெஞ்சைச் சுற்றி அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது சாதாரணக் காற்றை ஒரு குழாய் வழியாக உறிஞ்ச நம் விலா எலும்புகளுக்கு வலு இல்லை. எனவே வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. 1943இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் இதைச் செய்து காட்டினார்கள். கான்யான் வாயு நிறுவனத்துப் பொறியாளர். போர்க்காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக அவர் செய்த வால்வுதான் இதற்கு மூலம். எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பிறந்த கருவி என்பதால் நம் பயணத்துக்குப் பொருத்தமானதுதான்.

அழுத்தம் இரட்டித்தால் ஒவ்வொரு மூச்சிலும் இரட்டிப்புக் காற்று போகிறது. பத்து மீட்டரில் நிமிடத்துக்கு 40 லிட்டர், இருபதில் 60, முப்பதில் 80. அவசரத்துக்கென்று 50 பார் ஒதுக்கி வைப்பது விதி. மிச்சம் 1,650 லிட்டர். வகுத்துப் பாருங்கள்: பத்து மீட்டரில் 41 நிமிடம், இருபதில் 27, முப்பதில் 20. சிலிண்டர் ஒன்றே, படகு வாடகை ஒன்றே. ஆழம் போகப் போகக் கொடுத்த காசுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிறது.

இதில் நண்பர்கள் விவகாரமும் ஒன்று இருக்கிறது. குழுவில் முதலில் யாருடைய அழுத்தமானி முள் 50 பாரை நோக்கி இறங்குகிறதோ, அவரோடு எல்லோருடைய டைவும் முடிந்துவிடும். பயத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கிற நண்பருக்குப் பத்து மீட்டரிலேயே 27 நிமிடம்தான் வரும். அவரைத் திட்டிப் பயனில்லை. மேலும் வேகமாக மூச்சு வாங்குவார். மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவால் வருவதில்லை, இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதால் வருகிறது. குட்டிக் குட்டியாக வேகமாக விடும் மூச்சு தொண்டைக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையிலேயே போய்வந்துகொண்டிருக்கும். நுரையீரலின் அடியில் தேங்கிய கரியமில வாயு வெளியேறாது. அது கூடக் கூடப் பயம், பயம் கூடக் கூட வேகமூச்சு. இதற்கு மருந்து, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக வைப்பது. கையைக் காலை உதைத்துக்கொண்டே இருக்கிறவரும் சீக்கிரம் காலி செய்வார். கூடியவரை ஒத்த மூச்சுக்காரர்களை ஜோடி சேருங்கள். பள்ளிக்கூடக் காலத்து நட்பை ஜோடிக்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

ஆழத்துக்குப் போகாவிட்டால் எதையாவது இழந்துவிடுவோமா? நான் சொல்வேன், முதல் சில டைவ்களில் ஒன்றுமே இல்லை. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. பத்து மீட்டருக்குள்ளேயே சிவப்பு மங்கிப் பழுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகிவிடும். இன்னும் கீழே விரலில் கீறல் பட்டு இரத்தம் வந்தால் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். பவளத்துக்கும் ஒளி வேண்டும். பவளம் ஓர் உயிரினம் என்றாலும் அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரித்துத் தருகின்றன. பவளத்தின் உணவில் பெரும்பங்கு அந்த வாடகைதான். அதனால் வெயில் நன்றாக இறங்கும் மேல்தட்டில்தான் பவளமும் அதை நம்பிய மீன்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஹேவ்லாக்கில் கரையிலிருந்தே நடந்து போய் இறங்கக்கூடிய நீமோ ரீஃபில், கடல் சாமந்திகளுக்குள் கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாடுவதைப் பார்க்க ஆழமும் தேவையில்லை, படகும் தேவையில்லை. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது. அது இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறும். 2003இல் வந்த நீமோ படத்தை உயிரியல் தெரிந்தவர் எடுத்திருந்தால், தாய் போன பிறகு அப்பாவே அம்மாவாகியிருப்பார்.

மேலே வந்ததும் யாராவது கைகளை விரித்து, “இவ்ளோ பெரிய கலவாய் மச்சான்!” என்பார். நீரிலிருந்து மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது ஒளி வளைவதால் கடலுக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால்வாசி தூரம் கிட்டத்திலும் தெரியும். நண்பர் காட்டிய அளவில் கால்பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். அதற்கு ஒளியியல் பொறுப்பல்ல.

மாஸ்க் என்றதும் ஒரு விஷயம். கடையில் வாடகைக்கு எடுக்கும்போது பட்டையை மாட்டாமல் வெறுமனே முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குச் சேரும். நம்மூர் ஆண்களுக்கு இங்கே மீசை குறுக்கே வரும். மூக்குக்குக் கீழே சிலிக்கான் விளிம்பு தோலோடு ஒட்டாமல் முடி மேல் உட்கார்ந்தால் அந்த நூலிழை இடைவெளியில் உப்புத்தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மேல் விளிம்பில் ஓர் அரைக்கால் அங்குலம் மழித்துக்கொண்டால் போதும், மீசையும் தப்பும், டைவும் தப்பும். பனி படியாமல் இருக்கக் கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசுவது பழைய வழி, இன்றும் வேலை செய்கிறது. எச்சில் படலம் நீராவியைத் துளித்துளியாகக் கட்டவிடாமல் பரப்பிவிடுகிறது. இதற்கென்று விற்கிற திரவத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

காது முதல் பத்து மீட்டரில்தான் அதிகம் பாடுபடும், ஏனென்றால் அழுத்தம் ஒன்றிலிருந்து இரண்டாக, அதாவது இரட்டிப்பாக ஏறுவது அங்கேதான். முப்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கும்போது கூடுவது கால்பங்குதான். எனவே ஆழமில்லாத டைவ் என்று காதை அலட்சியம் செய்ய முடியாது. ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதித் தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழாயைத் திறந்துவிட வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைய டைவை விடுங்கள். மாத்திரை போட்டு இறங்கினால் மருந்தின் வேகம் கீழேயே தீர்ந்து, ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது மாட்டிக்கொள்ளும்.

ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை அடக்காதே. இது நம்மவர்களுக்கு நேர் எதிராகத் தோன்றும்; மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் மூச்சை அடக்கியேதானே கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்? அவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சைக் கீழே கொண்டுபோனார்கள். நுரையீரலில் இருந்த காற்று ஆழத்தில் சுருங்கியது, ஏறும்போது பழைய அளவுக்கு வந்தது. அதற்கு மேல் விரிய வழியில்லை. நாமோ கீழேயே, அந்த அழுத்தத்திலேயே காற்றை நிரப்புகிறோம். பத்து மீட்டரில் 5 லிட்டர் இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அவ்வளவு தாங்காது. ஒரு மீட்டர் சொச்சம் ஆழமே இதற்குப் போதும் என்பதால்தான் நீச்சல் குளத்துப் பயிற்சியிலும் இந்த விதியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். குமிழ் விட்டுக்கொண்டே ஏறுங்கள்.

இனி நைட்ரஜன். பல வருஷம் டைவ் அடித்தவர்களும் பாதிதான் புரிந்துவைத்திருக்கும் விஷயம் இது.

நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்பு அதை எதற்கும் பயன்படுத்துவதில்லை. ஆனால் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் தசையிலும் கரைகிறது. கரையில் இருக்கும்போது நம் உடம்பில் சுமார் ஒரு லிட்டர் நைட்ரஜன் கரைந்து கிடக்கும். ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் மேலுள்ள அழுத்தத்துக்கு ஏற்பக் கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803இல் காட்டினார். எனவே இருபது மீட்டரில் போதுமான நேரம் தங்கினால் அந்த ஒரு லிட்டர் மூன்றாகும். கரைந்திருக்கும்வரை தொந்தரவில்லை. அவசரமாக மேலே வந்து அழுத்தம் சட்டென்று குறையும்போது, நுரையீரல் வழியாக வெளியேற நேரமில்லாத நைட்ரஜன் இருந்த இடத்திலேயே குமிழாகிறது. ராபர்ட் பாயில் காற்று உறிஞ்சிய பாத்திரம் ஒன்றில் ஒரு விரியன் பாம்பை வைத்துப் பார்த்தபோது அதன் கண்ணுக்குள் ஒரு குமிழ் அசைவதைக் கண்டு 1670இல் எழுதிவைத்தார். மூட்டில் குமிழ் வந்தால் வலி, முதுகுத்தண்டில் வந்தால் கால் விழுந்துவிடும்.

இதை முதலில் பெரிய அளவில் அனுபவித்தவர்கள் பாலம் கட்டிய தொழிலாளர்கள். ஆற்றின் அடியில் தோண்டுவதற்காக, தண்ணீர் உள்ளே வராதபடி அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அவர்கள் வேலை செய்தார்கள். வேலை முடிந்து வெளியே வந்ததும் வளைந்து துடித்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் அப்படித்தான் முடங்கினார். அதன்பின் அவர் மனைவி எமிலி கட்டளைகளைச் சுமந்து போய் வேலை வாங்கினார். 1883இல் பாலம் திறக்கப்பட்டது. 1878இல் பிரெஞ்சுக்காரர் பால் பெர், குற்றவாளி நைட்ரஜன் குமிழ்தான் என்று நிறுவினார். எவ்வளவு மெதுவாக ஏறினால் பாதுகாப்பு என்ற கேள்வி பாக்கியிருந்தது.

அதற்கு விடை தந்தவை ஆடுகள். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவர் கூட்டாளிகளும் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து, விதவிதமான வேகத்தில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். வலி வந்த ஆடு முன்னங்காலை மடக்கித் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் அவர்களுக்கு அளவுகோல். 1908இல் முடிவுகள் வெளிவந்தன. உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை, விடுவதுமில்லை என்பது அதில் முக்கியமானது. மணற்பாங்கான நிலம் மழையைச் சட்டென்று உறிஞ்சிச் சட்டென்று வடிக்கும், களிமண் மெல்ல உறிஞ்சி நாள்கணக்கில் ஈரம் காக்கும் அல்லவா, இரத்தம் மணல், கொழுப்பும் மூட்டுகளும் களிமண். 5 நிமிடத்தில் பாதி நிரம்புகிறவை முதல் 75 நிமிடம் எடுக்கிறவை வரை ஹால்டேன் ஐந்து வகை வைத்துக் கணக்கிட்டார்.

அந்த ஆராய்ச்சியின்போது 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் இறக்கிவிடப்பட்டவர்களில் அவருடைய பதின்மூன்று வயது மகனும் ஒருவன். அளவில் பெரிய உடை, உள்ளே தண்ணீர் புகுந்துகொண்டேயிருந்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் மரபியலில் பேர்போன ஜே.பி.எஸ். ஹால்டேன், 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியுரிமையும் பெற்று 1964இல் புவனேஸ்வரில் இறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அவரும் அழுத்த அறைக்குள் தன்னையே வைத்துச் சோதித்துக்கொண்டார். இன்று நம் மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்குள் ஓடுவது தந்தை ஹால்டேனின் கணக்கின் பேரப்பிள்ளைகள்தான்.

அந்தக் கணக்கு சொல்வதைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் பயிற்சி அட்டவணைப்படி 12 மீட்டரில் 147 நிமிடம் இருந்தாலும் வழியில் கட்டாயமாக நிற்காமல் நேரே மேலே வரலாம். 18 மீட்டரில் 56 நிமிடம். 30 மீட்டரில் 20. பத்துப் பன்னிரண்டு மீட்டரில் சுற்றுகிறவருக்கு நைட்ரஜன் எல்லை வருவதற்கு வெகுமுன்பே காற்று தீர்ந்துவிடும். காற்றே அவருக்குக் காவல். முப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தீர்கின்றன, தப்புக்கு இடமே இல்லை. டிக்ஸன்ஸ் பினாக்கிள் போன்ற ஆழமான இடங்களில் மீன் கூட்டம் பிரமாதம் என்பது உண்மை. அதற்கு அடுத்த கட்டப் பயிற்சியை முடித்துவிட்டு, அடுத்த வருஷம் போங்கள்.

எந்த ஆழமானாலும் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாமல், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வருவது வழக்கம். அந்த மூன்று நிமிடம் நிற்பதில் புதியவர்களுக்கு ஒரு சங்கடம் வரும். தொடக்கத்தில் நிறைத்து வைத்திருந்த காற்றில் 2 கிலோ அளவுக்கு நாம் மூச்சில் விட்டிருப்போம். காற்றுக்கும் எடை உண்டு. அலுமினியச் சிலிண்டர் லேசாகி, அடிப்பக்கம் மேலே தூக்கப் பார்க்கும். கரையில் சரியாக இருந்த ஈயம் இப்போது போதாமல் ஆகி, நீங்கள் பலூன் மாதிரி மேலே போவீர்கள். முதல் நாளே பயிற்றுநரிடம் சிலிண்டர் காலியாகும் நிலைக்கு ஈயத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த மூன்று நாள் கப்பலுக்கு வருவோம். டைவ் முடிந்து மேலே வந்த பின்னும் உடம்பில் மிச்ச நைட்ரஜன் மணிக்கணக்கில் வடிந்துகொண்டிருக்கும். விமானத்தின் உள்ளறை அழுத்தம் தரைமட்ட அழுத்தம் அல்ல. 2,000 மீட்டர் சொச்சம் உயரமுள்ள மலையில் இருப்பது போல, முக்கால் வளிமண்டலம் அளவுக்குக் குறைவாக வைக்கப்படுகிறது. கடலிலிருந்து பத்திரமாக வந்தவரை அந்தக் குறைவு மாட்டிவிடலாம். எனவே ஒரே ஒரு டைவ் அடித்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறச் சொல்கிறார்கள். 24 மணி நேரம் விடுவது இன்னும் நல்லது. விமானத்தில் திரும்புகிறவர்கள் இதற்காகக் கடைசி நாளைச் சும்மா கழிக்க வேண்டும், அறை வாடகையோடு. கப்பலில் திரும்புகிறவர் கடல்மட்டத்திலேயே மூன்று நாள் மூச்சுவிட்டுக்கொண்டு வருவார். பங்க் வகுப்பில் அலைக்கு வாந்தி வரலாம், குமிழ் வராது. வடக்கு அந்தமானுக்கும் ஒரு நடை போகிறவர்கள், 732 மீட்டர் சேடில் சிகரத்தை டைவ் அடித்த அன்றே ஏறாமல் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை இடத்தில் மிச்சம் பிடித்தாயிற்று. பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு.

டைவ் கம்ப்யூட்டரை இருவருக்கு ஒன்றாக வாடகை எடுக்காதீர்கள். அது அளப்பது கட்டியிருக்கிறவரின் ஆழத்தை; நாலு மீட்டர் கீழே போய் இறாலைத் தேடிக்கொண்டிருந்த நண்பரின் உடம்பு அதற்குத் தெரியாது. சிலிண்டரில் நிரப்பும் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கம்ப்ரசரின் உறிஞ்சுவாய்க்குப் பக்கத்தில் டீசல் என்ஜினின் புகைக்குழாய் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போகும். கரையில் தலைவலியோடு போகிற அளவு முப்பது மீட்டரில் நான்கு மடங்கு வேகத்தோடு தாக்கும். அந்த வாயுவுக்கு வாசமில்லை. ஆனால் காற்றில் எண்ணெய் வாடை வந்தாலே அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், எந்த நல்ல கடையும் கோபப்படாது. இறங்குவதற்கு முன் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். மேலே சரியாக இருப்பது போலவே இருக்கும், ஆழத்தில் காற்று போதாது.

மூன்றாவது, ஆள். அறிமுக டைவ் என்றால் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மலிவாகச் சொல்கிற கடை பெரும்பாலும் இங்கேதான் கைவைக்கும். அறிமுக டைவுக்கு ஆழ எல்லை 12 மீட்டர். அதைத் தாண்டிக் கூட்டிப்போவதாக ஆசைகாட்டினால் வேறு கடை பாருங்கள். மூன்று நான்கு நாள் இருக்கிறது, நண்பர்களும் சேர்ந்து வருகிறார்கள் என்றால் 18 மீட்டர் வரை அனுமதிக்கும் முழுப் பயிற்சியையே முடித்துவிடுவது, நாலைந்து முறை அறிமுக டைவ் அடிப்பதைவிட லாபம். சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும். பயிற்சியில் கைச்சாடைகளைக் கவனமாகப் படியுங்கள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் கடலில் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் ஒருவர் கட்டைவிரலைத் தூக்க, குழுவே கரையேறிவிடும்.

பவளத்தையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் பக்கம் தரை உயர்ந்து பவளத் திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன. 1998இலும் 2010இலும் 2016இலும் கடல் சூடாகி, பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளி வெளுத்தது. அதிலிருந்து மிஞ்சியதும் மீண்டதும்தான் நாம் பார்க்கப் போவது. பாறை போல உருண்டு திரண்டிருக்கும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஃபின்ஸ் ஒரு தட்டு தட்டினால் பத்து வருஷம் போகும். மிதப்பைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவரை பவளத்துக்கு இரண்டு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். வெயில் பூச்சில் சேரும் சில ரசாயனங்களைப் பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் தடைசெய்துவிட்டன. பூச்சு வாங்கும் காசுக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்கினால் பத்துப் பயணத்துக்கு வரும். கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போடாதீர்கள். பாறைப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டைவ் கடையில் ஒரு மருத்துவப் படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நீரிழிவு, காது அறுவை சிகிச்சை, சமீபத்திய நுரையீரல் கோளாறு எல்லாம் அதில் கேட்கப்படும். படகு புறப்படும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக் கையெழுத்திடுவதுதான் இங்கே நடக்கிறது. ஒரு ‘ஆம்’ இருந்தாலும் மருத்துவர் சான்று இல்லாமல் நல்ல கடை உங்களை இறக்காது, கட்டிய பணமும் திரும்புவது நிச்சயமில்லை. பல பயணக் காப்பீடுகள் ஸ்கூபாவைச் சேர்ப்பதும் இல்லை. குமிழ் வந்தவருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எல்லாத் தீவிலும் இருப்பதும் இல்லை. அந்தப் படிவத்தை முன்கூட்டியே வாங்கி, ஊரிலேயே குழுவில் ஒவ்வொருவரும் நேர்மையாக நிரப்பி, தேவைப்பட்டவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.